ஒடோவாக்கர் யாருடைய ஆள்?

476 ஆகஸ்ட் 23. இத்தாலியில் ரோமப் பேரரசின் சம்பளத்தில் இருந்த படைவீரர்கள் கலகம் செய்தார்கள். குடியமர நிலம் கேட்டிருந்தார்கள். தளபதி ஒரெஸ்டெஸ் கைவிரித்துவிட்டார். அவர்கள் தங்களில் ஒருவரையே அரசராக்கிக்கொண்டார்கள். ஐந்து நாளில் ஒரெஸ்டெஸ் பியாசென்ஸா நகரில் கொல்லப்பட்டார். செப்டம்பர் 4-ல் அவருடைய மகன், சிறுவன் ரொமுலஸ், அரியணையிலிருந்து இறக்கப்பட்டான். மேற்கு ரோமின் கடைசிப் பேரரசன் யார் என்ற ஒரு மதிப்பெண் கேள்விக்கு நாம் எழுதிய விடை அந்தப் பையன்தான். அவனை இறக்கியவர் ஒடோவாக்கர். அவருக்குப் பாடப்புத்தகங்கள் ஒதுக்குவது பெரும்பாலும் இரண்டே சொல்: ஜெர்மானியக் காட்டுமிராண்டி.

அந்த இரண்டு சொல்லிலும் தகராறு இருக்கிறது.

முதலில் ‘ஜெர்மானிய’. ஒடோவாக்கர் எந்த இனம் என்று பழைய எழுத்தாளர்களைக் கேட்டுப் பாருங்கள். ஆசிரியர் பெயர் இல்லாமல் கிடைத்திருக்கும் ஓர் இத்தாலிய வரலாற்றுக் குறிப்பு, ஸ்கிரி மக்களோடு வந்தவர் என்கிறது. கான்ஸ்டாண்டிநோபிளில் இருந்து எழுதிய மார்செல்லினுஸ், ‘கோத்துகளின் அரசன்’ என்கிறார். வேறொரு ஆண்டுக்குறிப்பில் அவர் ஹெருலிகளின் அரசன். மால்கஸ் என்பவர் ஒடோவாக்கரின் உடன்பிறந்த ஒனுல்ஃபைப் பற்றிச் சொல்கையில், தந்தை துரிங்கி, தாய் ஸ்கிரி என்று கணக்குத் தீர்க்கிறார். இவர்களையெல்லாம் மிஞ்சியவர் யோர்தானெஸ். 551-ஐ ஒட்டி அவர் இரண்டு நூல்கள் எழுதினார். ஒன்றில் ஒடோவாக்கர் டோர்கிலிங்கிகளின் அரசர்; மற்றொன்றில் பிறப்பால் ருகி. எழுதியவர் ஒருவர், எழுதிய காலமும் ஏறக்குறைய ஒன்று, ஆனால் ஆளுக்கு இனம் இரண்டு.

குழப்பம் அதோடு நிற்கவில்லை. ஒடோவாக்கரின் தந்தை பெயர் எடேகோ. 449-ல் ஹூணர்களின் அரசன் அட்டிலாவின் தூதராகக் கான்ஸ்டாண்டிநோபிள் வந்தவர் பெயரும் எடேகோதான். இருவரும் ஒருவரே என்று கருதும் ஆய்வாளர்கள் பலர். அந்தத் தூதுக்குழுவில் எடேகோவுடன் வந்த இன்னொருவர் யார் தெரியுமா? பன்னோனியாவைச் சேர்ந்த ரோமானியர், அட்டிலாவின் செயலர், ஒரெஸ்டெஸ். 476-ல் செத்த அதே ஒரெஸ்டெஸ். ஆக, மேற்கு ரோமின் கடைசிப் பேரரசனின் தகப்பனும், அவனைக் கவிழ்த்தவரின் தகப்பனும் ஒரே முதலாளியிடம் வேலை பார்த்தவர்களாக இருக்கக்கூடும். அந்த முதலாளியோ ஹூணன். இதில் யார் ரோமன், யார் அந்நியன்?

ஒடோவாக்கர் எந்தக் குலம் என்று துருவுவதைவிட, அவர் யாருடைய ஆள், அவருக்குப் பின்னால் யார் திரண்டு நின்றார்கள் என்று கேட்டால் அந்தக் காலத்தின் நடப்பு கொஞ்சம் பிடிபடும். ஸ்கிரி, ஹெருலி, ருகி, கோத் என்று மேலே வந்த பெயர்களில் பாதி அவருடைய படையில் இருந்தவர்களின் பெயர்கள். தலைவனின் இனம் படையைப் பார்த்து எழுதப்பட்டது.

இனி ‘காட்டுமிராண்டி’. கிரேக்கத்தில் ‘பார்பரோஸ்’ என்றால் பேச்சுப் புரியாதவன். ‘பர் பர்’ என்று உளறுகிறவன் என்ற ஒலிக்குறிப்பில் பிறந்த சொல். காட்டில் அலைகிறவன், நாகரிகமற்றவன் என்ற ஏளனம் பிறகு ஏறிக்கொண்டது. இது நமக்கும் புதிதல்ல. முல்லைப்பாட்டின் பாசறையில் அரசனுக்கு அருகே நிற்கும் மிலேச்சர், ‘உடம்பின் உரைக்கும் உரையா நாவின்’ ஆட்கள். கை ஜாடையில்தான் பேசுவார்கள். அதே பாசறையில் சட்டை மாட்டிக்கொண்டு ‘வெருவருந் தோற்றத்து’ நிற்கிறார் யவனர், அதாவது கிரேக்க, ரோமானிய நாட்டார். பேரரசின் வடக்கு எல்லையான டான்யூப் ஆற்றுக்கு அப்பால் இருந்தவர்களைப் பார்த்து ரோமானியர் என்ன நினைத்தார்களோ, ஏறக்குறைய அதையே அவர்களைப் பார்த்து ஒரு தமிழ்ப் புலவர் நினைத்திருக்கிறார்.

ஐந்தாம் நூற்றாண்டு வருவதற்குள் இந்தச் சொல்லின் முள் பாதி மழுங்கிவிட்டது. இன்றைய பிரான்ஸ் பக்கம் ஆண்ட பிராங்குகளின் சாலிக் சட்டம் ஆறாம் நூற்றாண்டின் தொடக்கத்தை ஒட்டித் தொகுக்கப்பட்டது. அதில், ‘பிராங்கையோ, சாலிக் சட்டப்படி வாழும் பார்பாரியனையோ’ கொன்றவன் 200 சொலிடஸ் பொற்காசு கட்ட வேண்டும் என்று வருகிறது. தங்கள் ஆட்களைக் குறிக்க அவர்களே அந்தச் சொல்லை எழுதுகிறார்கள், கூச்சமில்லாமல். நிலமுள்ள ரோமானியனைக் கொன்றால் 100 காசுதான். இவ்வளவில் நிறுத்தினால், வென்றவன் உயிருக்கு விலை இரண்டு மடங்கு என்று முடித்துக்கொள்ளலாம். ஆனால் அடுத்த படி ஒன்று உண்டு. அரசனின் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் உரிமை பெற்ற ரோமானியனைக் கொன்றால் 300. சாதாரண பிராங்கின் தலையைவிட அவன் தலைக்கு விலை அதிகம். யார் சோற்றைத் தின்கிறாய் என்பது அங்கே ஒரு சட்டப்பிரிவு. செஞ்சோற்றுக் கடன் என்ற சொல்லோடு வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எழுதியவர்களின் பழக்கத்தையும் மறக்கக்கூடாது. கிரேக்கத்தில் எழுதிய படிப்பாளிகளுக்குப் புதுப் பெயர்கள் என்றாலே ஒவ்வாமை. ஆயிரம் ஆண்டுப் பழைய நூல்களில் உள்ள பெயரைத்தான் போடுவார்கள். கோத்தும் ‘சித்தியன்’, ஹூணனும் ‘சித்தியன்’. ஆறாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் புரோகோபியஸுக்கு ஹூணர்கள் சில இடங்களில் ‘மசாகெட்டே’. பச்சை இறைச்சியைக் குதிரை முதுகில் வைத்துச் சூடாக்கித் தின்கிறவர்கள் என்று நான்காம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் அம்மியானுஸ் ஹூணர்களைப் பற்றி எழுதியதைப் படிக்கும்போது, நேரில் கண்ட செய்தி எவ்வளவு, பழைய ஏட்டிலிருந்து இறங்கியது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நேரில் போய்ப் பார்த்தவர் ஒருவர் உண்டு. பிரிஸ்கஸ். 449-ல் ரோமத் தூதுக்குழுவோடு அட்டிலாவின் ஊருக்கே போனார். ஒருநாள் காலை, ஹூணர் உடையில், தலைமுடியை வட்டமாக வெட்டிக்கொண்டு ஒருவர் வந்து, கிரேக்கத்தில் ‘வணக்கம்’ சொல்கிறார். பிரிஸ்கஸ் திடுக்கிடுகிறார். அங்கே கோத்தும் லத்தீனும் ஹூணர் மொழியும் காதில் விழும். கிரேக்கம் விழாது, கந்தலும் பரட்டைத் தலையுமாகத் திரியும் போர்க்கைதிகளின் வாயிலிருந்து தவிர. இந்த மனிதரோ செழிப்பாக இருக்கிறார். விசாரித்தால், விமினாசியம் என்ற டான்யூப் கரை நகரில் வியாபாரம் செய்த கிரேக்கர். ஊர் விழுந்தபோது பிடிபட்டு, அட்டிலாவின் பெரிய அதிகாரி ஒனேகெசியஸின் பங்குக்குப் போனார். போர்களில் சண்டையிட்டுப் பெற்ற கொள்ளையைக் கொடுத்து விடுதலை வாங்கினார். இப்போது ஹூணர்களிடையே மனைவி, பிள்ளைகள், அதிகாரி வீட்டுப் பந்தியில் இடம். திரும்பி வரும் எண்ணமே இல்லை. ரோமானிய வரியும், காசில்லாதவனுக்கு நீதி கிடைக்காத வழக்குமன்றமும் அவருக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. பிரிஸ்கஸ் ரோமச் சட்டங்களின் பெருமையை நீட்டி முழக்கி எடுத்துச் சொல்ல, அவர் கண்கலங்கி, ‘சட்டம் நல்லதுதான், ஆளுகிறவர்கள் முன்னோர்களைப் போல இல்லை’ என்கிறார். சொன்னதெல்லாம் பிரிஸ்கஸின் இலக்கிய ஒப்பனைதான் என்று தள்ளுகிறவர்கள் உண்டு. பேச்சை வேண்டுமானால் தள்ளலாம். அந்த முடிவெட்டையும் உடையையும் தள்ள எனக்கு மனம் வரவில்லை.

உடை சாதாரண விஷயம் அல்ல. 390-களின் இறுதியில் ரோம நகருக்குள் பார்பாரியர் உடையான காற்சட்டையை அணியக்கூடாது என்று பேரரசே ஆணை போட்டது. 416-ல் நீண்ட முடிக்கும் தோல் உடைக்கும் தடை வந்தது. தடை போட வேண்டிய அளவுக்கு அந்த நாகரிகம் ரோமானியர்களிடையே பரவியிருந்தது என்பதுதான் சேதி. படைக்காரன் உடை என்றால் எந்த ஊரிலும் இளைஞர்களுக்கு ஒரு கவர்ச்சி.

இரண்டு அடையாளங்களை ஒரே உடம்பில் சுமப்பதில் அவர்களுக்குச் சங்கடமே இருக்கவில்லை. இன்றைய புடாபெஸ்டில், அன்றைய அக்வின்கும் நகரில் கிடைத்த ஒரு கல்லறைக் கல் சொல்கிறது: “நான் பிராங்குக் குடிமகன், ஆயுதம் தரித்த ரோமானியப் போர்வீரன்.” ஒரு வரிக்குள் இரண்டும். ‘ஆனால்’ என்ற சொல் நடுவில் இல்லை.

இதையே பொன்னில் பார்க்க வேண்டுமானால் டூர்னே போக வேண்டும். இன்றைய பெல்ஜியத்தில் இருக்கும் அந்த ஊரில் 1653-ல் கட்டட வேலைக்காகத் தோண்டிய ஒரு கொத்தனார் பொற்குவியல் ஒன்றில் இடித்தார். 480-களின் தொடக்கத்தில் இறந்த பிராங்கு அரசர் கில்டெரிக்கின் கல்லறை அது. பெயரைச் சொன்னது ஒரு முத்திரை மோதிரம்: லத்தீன் எழுத்தில் ‘அரசன் கில்டெரிக்கினுடையது’. மோதிரத்தில் பொறித்த முகத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம். தோளில் புரளும் நீண்ட கூந்தல். பிராங்கு அரச குலத்தின் அடையாளம் அது. கூந்தலுக்குக் கீழே ரோமானியத் தளபதியின் கவசமும் மேலங்கியும். கையில் ஈட்டி. அந்த மேலங்கியைத் தோளில் பிணைக்கும் பொன் ஊசி ரோம அதிகாரிகள் அணியும் வகை. பக்கத்தில் கார்னெட் கல் பதித்த வாள், கிழக்குப் பேரரசன் ஸீனோ காலம் வரையிலான பொற்காசுகள், முந்நூறு அளவில் சிறு பொன்வண்டுகள். சுற்றிலும் குதிரைகளைப் புதைத்த குழிகள் இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் தோண்டி எடுக்கப்பட்டன. அது ரோமானியர் செய்கிற காரியம் அல்ல. பிற்பாடு நெப்போலியன் அந்த வண்டுகளைத் தேனீயாக்கித் தன் முடிசூட்டு அங்கியில் தைத்துக்கொண்டார். புதையலில் பெரும்பகுதி 1831-ல் பாரிஸில் திருடு போய் உருக்கப்பட்டுவிட்டது. மோதிரமும் போயிற்று, எஞ்சியது அதன் அச்சும் படமும்தான்.

இதெல்லாம் படித்ததும், அடையாளம் என்பது சட்டை மாதிரி, பிடித்ததை எடுத்து மாட்டிக்கொள்ளலாம் என்று தோன்றும். கடந்த நாற்பது ஆண்டு ஆய்வில் ஒரு சாரார் கிட்டத்தட்ட அப்படித்தான் எழுதினார்கள். காரணம் புரிகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மனியில் ‘மக்களின் பெயர்ச்சி’ என்றும், பிரான்ஸிலும் இத்தாலியிலும் ‘படையெடுப்பு’ என்றும் அழைக்கப்பட்ட ஒரே சம்பவத்தில், இரத்தத்தால் பிணைந்த இனங்கள் அம்புக்குறி போட்டு வரைபடத்தில் ஓடின. அந்த அம்புகள் எங்கே போய் முடிந்தன என்பதும் தெரியும்: 1939-ல் போலந்தைப் பிடித்ததும் நாஜிகள் க்தினியா துறைமுகத்துக்கு ‘கோத்துகளின் துறைமுகம்’ என்று பெயர் மாற்றினார்கள். போருக்குப் பின், 1961-ல், ரெய்ன்ஹார்ட் வென்ஸ்குஸ் வேறு படம் வரைந்தார். ஒரு சிறு தலைமைக் குழு பழங்கதையையும் பெயரையும் சுமந்து செல்கிறது. வெற்றி பெறப் பெறப் பலதரப்பட்டவர்கள் வந்து ஒட்டி அந்தப் பெயரை ஏற்கிறார்கள். வியன்னாவில் இருந்த ஆய்வாளர்கள் அதை வளர்த்தார்கள். டொரான்டோவில் இருந்தவர்கள் அந்தத் தலைமைக் குழுவின் கதையே பிற்காலக் கற்பனை என்று அடித்தார்கள். சண்டை இன்னும் ஓயவில்லை.

சட்டை உவமையில் எனக்கு உடன்பாடில்லை. கழற்ற முடியாத சட்டைகளும் இருந்தன.

408-ஐப் பாருங்கள். மேற்கு ரோமின் படைத்தலைவர் ஸ்டிலிகோ. தந்தை வாண்டல், தாய் ரோமானியப் பெண். பேரரசனுக்கே மாமனார். அதிகாரத்தில் இருந்தவரை அவைக்களக் கவிகள் அவரைப் பழைய ரோம வீரர்களுக்கு நிகராகப் பாடினார்கள். ஆகஸ்டில் அவர் தலை வெட்டப்பட்டது. அடுத்து கிறித்தவ அறிஞர் ஜெரோம் எழுதும் கடிதத்தில் அவர் ‘அரை பார்பாரியத் துரோகி’. அத்தோடு போகவில்லை. ரோமப் படையில் பணியாற்றிய அந்நிய வீரர்களின் மனைவிமாரும் பிள்ளைகளும் இத்தாலிய நகரங்களில் குடியிருந்தார்கள். நகரத்துப் படைகள் அவர்கள்மேல் பாய்ந்து வெட்டின. அந்த வீரர்கள், 30,000 பேருக்கு மேல் என்கிறார் ஸோசிமஸ், கோத்துகளின் தலைவன் அலாரிக்கிடம் போய்ச் சேர்ந்தார்கள். இரண்டு ஆண்டு கழித்து அலாரிக் ரோமைச் சூறையாடினார். அந்தக் குடும்பங்கள் தங்களை என்னவென்று நினைத்திருந்தன என்பது அன்றைக்குச் செல்லுபடியாகவில்லை. தெருவில் பிடித்து நிறுத்தியவன் சொன்னதே பெயராயிற்று. 30,000 பேரும் கோத் ஆனது அப்படித்தான். எந்தத் தாயும் அவர்களை கோத்தாகப் பெறவில்லை.

493-ல் ரவென்னாவில் ஒரு விருந்தில் ஒடோவாக்கரைத் தன் கையாலேயே வெட்டிக் கொன்ற தியோடோரிக்கின் இத்தாலியில்தான் இந்த விஷயம் மிகச் சுவையாகிறது. அவர் பிள்ளைப் பருவத்தில் பிணையாளாகக் கான்ஸ்டாண்டிநோபிளில் வளர்ந்தவர், 484-ல் ரோமக் கான்சல், கோத்துகளின் அரசர். அவருடைய ஆட்சியில் கோத் என்றால் படை, ரோமன் என்றால் வரி கட்டுகிறவன், நிர்வாகம் பார்க்கிறவன். அவர் வாய்மொழி என்று ஒன்று வழங்குகிறது: ஏழை ரோமன் கோத்தைப் போல நடிக்கிறான், வசதியுள்ள கோத் ரோமனைப் போல நடிக்கிறான். நடிப்பு சில இடங்களில் முற்றிப் பழுத்தது. சிப்ரியானுஸ் என்ற ரோமானிய உயர் அதிகாரியின் பிள்ளைகள் கோத் மொழி பேசி ஆயுதப் பயிற்சி எடுத்ததை அரண்மனைக் கடிதமே பாராட்டுகிறது. மறுபக்கம் பெஸ்ஸாஸ். திரேஸில் பிறந்த கோத். தியோடோரிக்குடன் இத்தாலிக்குப் போகாமல் தங்கிவிட்ட குடும்பம். பிறகு பேரரசன் ஜஸ்டினியனின் தளபதியாக வந்து, 546 வரை கோத்துகளிடமிருந்து ரோமைக் காத்து நின்றார். கோத்துகளை எதிர்த்த கோத் என்று யாரும் அவரைப் பார்த்து வியக்கவில்லை. சம்பளம் எங்கிருந்து வந்ததோ அந்தப் பக்கம்.

ஆனால் அதே இத்தாலியில் ருகிகள். தியோடோரிக்கோடு சேர்ந்து வந்து, கோத் படையில் கோத்துகளோடு அரை நூற்றாண்டு இருந்தார்கள். அயலாருக்கு அவர்களும் கோத்துதான். ஆனால் பெண் கொடுப்பதும் எடுப்பதும் தங்களுக்குள்ளேயே என்று கட்டுப்பாடாக வைத்திருந்தார்கள், அதனால் பெயர் அழியாமல் நின்றது என்கிறார் புரோகோபியஸ். 541-ல் குழப்பமான வேளை பார்த்து எராரிக் என்ற தங்கள் ஆளையே அரசராக்கினார்கள். ஐந்து மாதம் நிலைத்தார். படையும் சம்பளமும் பெயரைத் தரும் என்ற என் கணக்கை ருகிகளின் கல்யாணம் கெடுக்கிறது.

அண்மையில் மரபணு ஆய்வும் இதே இடத்தில் வந்து நிற்கிறது. வியன்னாவுக்குத் தெற்கே லேயோபெர்ஸ்டார்ஃப், மோட்லிங் என்ற இரண்டு ஊர்களில், ஆசியப் புல்வெளியிலிருந்து வந்து நடு ஐரோப்பாவை ஆண்ட அவார்களின் காலத்து இடுகாடுகள், பெரும்பாலும் எட்டாம் நூற்றாண்டு. ஒன்றுக்கொன்று அதிகத் தூரமில்லை. எலும்பைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் இரண்டும் ஒன்று: அதே இடுப்புக் கச்சை, அதே பூண்கள், அதே சடங்கு. தோண்டியவர்கள் இரண்டையும் அவார் என்று எழுதிவைத்ததில் பிழையில்லை. 700-க்கும் மேற்பட்டவர்களின் மரபணுவைப் படித்து 2025-ல் வெளியான முடிவு: லேயோபெர்ஸ்டார்ஃபில் புதைக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் கிழக்காசிய வம்சாவளி, மோட்லிங்காரர்கள் ஐரோப்பிய வம்சாவளி. தலைமுறை தலைமுறையாக இருவரும் ஒரே மாதிரி உடுத்தி, ஒரே மாதிரி புதைத்து, கலந்து மணக்காமல் வாழ்ந்திருக்கிறார்கள். இரத்தம் தனி, பெயர் பொது. இரத்தமே இனம் என்றவர்களுக்கு அந்தப் பொதுக் கச்சை பதில். சட்டை மாற்றுவது போல என்றவர்களுக்கு அந்தக் கல்யாணங்கள் பதில்.

கோத் மொழிக்கே வருவோம். அதற்கு எழுத்து கண்டு விவிலியத்தை மொழிபெயர்த்தவர் உல்ஃபிலா, நான்காம் நூற்றாண்டு. அவருடைய முன்னோர், இன்றைய துருக்கியில் உள்ள கப்படோசியாவிலிருந்து கோத்துகள் சிறைபிடித்துப் போன கிறித்தவர்கள். கோத்துகளின் மொழியைக் காலத்துக்கும் காப்பாற்றிக் கொடுத்தது அடிமையாகப் போனவர்களின் வம்சம். ஊதா நிறத் தோலில் வெள்ளி மையால் ரவென்னாவில் எழுதப்பட்ட அந்த மொழிபெயர்ப்பின் பிரதி இப்போது ஸ்வீடனில், உப்சாலாவில் இருக்கிறது.

அதே ரவென்னாவில் 551-ல் ஒரு பத்திரம் எழுதப்பட்டது. கோத்துகளின் புனித அனஸ்தாசியா ஆலயத்துக்குக் கடன்; குருமார் சேர்ந்து ஒரு சதுப்பு நிலத்தை விற்கிறார்கள். நகரம் பேரரசின் கைக்குப் போய்ப் பத்தாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. பத்திரம் லத்தீன். கையொப்பங்களில் பல லத்தீனில். நான்கு பேர் மட்டும் கோத் மொழியில், கோத் எழுத்தில், 120 காசு பெற்றுக்கொண்டோம் என்று எழுதிக் கையொப்பம் இட்டிருக்கிறார்கள். நான்கும் ஏறக்குறைய ஒரே வாசகம். சட்டத்துக்கு லத்தீனே போதும்; யாரும் இவர்களைக் கோத்தில் எழுதச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஓராண்டில் கோத்துகளின் கடைசிப் பெரும் போர் தோற்றது. இன்னும் பத்தாண்டில், வேறு கிறித்தவப் பிரிவினரான அவர்களுடைய ஆலயங்கள் கத்தோலிக்கரிடம் ஒப்படைக்கப்பட்டன.

தியோடோரிக் கட்டிய அரண்மனைக் கோவில் இன்றும் நிற்கிறது. உட்சுவரில் அவருடைய அரண்மனையின் மொசைக் படம். தூண்களுக்கு இடையே நின்ற உருவங்களை அப்போது பெயர்த்து எடுத்துவிட்டு, அந்த இடங்களில் வெள்ளைத் திரைகளைப் பதித்தார்கள். வேலை செய்தவர்கள் அவசரப்பட்டார்களோ என்னவோ, தூண்களின் மேல் நீண்டிருந்த கைகளை எடுக்கவில்லை. திரைக்கு அருகே, உடம்பு இல்லாமல், சில விரல்களும் முன்கைகளும் வெள்ளைத் தூணைத் தொட்டபடி இருக்கின்றன.